நாற்பத்து மூன்று விவசாயிகள்

இந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க. சீட்டு மனுசங்க உக்கார்றதுக்கு. பைக்கு டிக்கெட் எடுத்துருக்கீங்களா? இல்லைல்ல. எடுங்க. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, நான் சேலை கசங்காமப் போயிச் சேரணும். எங்க, மதுரையா? நானும் மாட்டுத்தாவணிதான். ஒன்னேகால் மணி நேரம். இந்த டிரைவர் ஓட்டுற லட்சணத்துக்கு ஒன்றரை.

ஜன்னலை மூடாதீங்க. தூசி வந்தா வரட்டும், எனக்குக் காத்து வேணும். வயிறு ஒரு மாதிரியா இருக்கு. காலையில ரெண்டே இட்லிதான் தின்னேன், அதுவே தொண்டைக்குழியில நிக்குது. பஸ்ஸு எனக்குச் சேராது. சின்ன வயசுல இருந்தே சேராது. இல்ல, அப்பல்லாம் சேர்ந்துச்சு. இப்பத்தான் ஒரு ரெண்டு மாசமா சேர மாட்டேங்குது.

தண்ணி இருக்கா? என் பாட்டிலை அருப்புக்கோட்டை ஸ்டாண்டுலயே குடிச்சுத் தீத்துட்டேன். குடுங்க. வாய் வைக்காமத்தான் குடிப்பேன், பயப்படாதீங்க.

நீங்க இங்கிலீஷ் படிச்சவங்களா? இல்லையா? எட்டாவதோட நின்னாச்சா? அப்பச் சரி. அப்ப உங்ககிட்டப் பேசலாம். இங்கிலீஷ் தெரியும்னு பீத்திக்கிட்டுத் திரியுற ஆளுககூட எனக்கு இப்பப் பேச்சே கிடையாது. நானே இங்கிலீஷ் லெக்சரர்தான். என்ன அப்படிப் பாக்குறீங்க? லெக்சரர்னா பஸ்ல போகக் கூடாதா? பதினாலு வருஷ சர்வீஸ். காலேஜ் பேரு வேணாம். பேரைச் சொன்னா உங்க சொந்தக்காரப் புள்ள ஒண்ணு அங்க படிக்கும், அது ஒரு தனி வம்பு. இந்துராணி மிஸ்ஸுன்னா அங்க தெரியாத ஆளு கிடையாது. தெரிஞ்சு என்ன செய்ய? வர்ற ஜூன்ல இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. நிரந்தர வேலை இல்லக்கா, வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. பதிமூணு தடவை புதுப்பிச்சவங்களுக்கு இந்தத் தடவை மட்டும் கையெழுத்துப் போடக் கை வரலையாம்.

எதுனாலங்கிறீங்களா? ஒரு புள்ளையால. முனீஸ்வரின்னு ஒருத்தி, ரெண்டாவது வருஷம் பி.காம். அவ செஞ்ச காரியம் என்னன்னா, பரிட்சையில வாயத் தொறந்து பேசுனா.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எங்க புள்ளைகளுக்கு ரெண்டாவது வருஷக் கடைசியில இங்கிலீஷ்ல வாய்மொழித் தேர்வு உண்டு. வைவான்னு சொல்லுவோம். வேற காலேஜ்ல இருந்து ஒரு ஆளு பரிட்சை வைக்க வருவாங்க, அவங்க எக்ஸ்டர்னல். புள்ளைக ஒவ்வொண்ணா உள்ள போயி தன்னப் பத்தி இங்கிலீஷ்ல ரெண்டு நிமிஷம் பேசணும். அம்புட்டுத்தான். தன்னப் பத்தி! அதுக்குப் போயி இந்தக் கழுதைக படுற பாட்டைப் பாக்கணுமே. ரூமுக்கு வெளிய வரிசையா நிக்கும். ஒண்ணு தண்ணி தண்ணிங்கும். ஒண்ணு பாத்ரூம் போகணும்ங்கும், போயிட்டு வந்த கையோட திரும்பவும் போகணும்ங்கும். கையத் தொட்டா ஐஸ்ஸு. துப்பட்டாவுல கையத் தொடச்சுத் தொடச்சு அந்த இடமே நனைஞ்சு கெடக்கும். வயித்த வலின்னு வீட்டுக்கு ஓடிப்போனது உண்டு. கேட்டா, பயமாம். பேசுறதுக்கு என்ன பயம்? உள்ள புலியா உக்காந்துருக்கு? எல்லாம் நடிப்பு.

என் முந்தானை உங்க பக்கம் மாட்டியிருக்கு, விடுங்க. கையத் தொடைக்கணும். பிசுபிசுன்னு இருக்கு. இந்தக் கம்பியப் புடிச்சா இப்படித்தான், எண்ணெய்ய ஊத்தித் தொடைப்பாய்ங்க போல.

அதனால நான் ஒரு வழி வச்சிருந்தேன். நல்ல வழி. ஒரே ஒரு பத்தி, பதினோரு வரி. போர்டுல எழுதிப்போட்டுருவேன், அதுக நோட்டுல எழுதிக்கிரும். டிசம்பர்ல இருந்து தெனமும் வகுப்புல முதல் பத்து நிமிஷம் கோரஸா ஒப்பிக்கணும். பேரை மட்டும் அவங்கவங்க பேரா மாத்திக்கிறலாம். மத்தபடி ஒரு எழுத்து மாறக் கூடாது. ‘என் பேரு இன்னது. நான் ஒரு சின்னக் கிராமத்துல இருந்து வர்றேன். மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஹி இஸ் ஹேல் அண்ட் ஹெல்த்தி.’ அப்படின்னா, எங்கப்பா ஒரு விவசாயி, நல்ல ஆரோக்கியமா இருக்காரு. ‘எங்கம்மா வீட்டைப் பாத்துக்கிறாங்க. எனக்கு ஒரு தம்பி. புத்தகம் வாசிக்கிறது என் பொழுதுபோக்கு. கலெக்டர் ஆகுறது என் லட்சியம்.’ இப்படிப் போகும். அழகான பத்தி. எங்கயும் தட்டாது, எங்கயும் சிக்காது.

அருப்புக்கோட்டையில ஏது இத்தன விவசாயி, தறியும் மில்லும்தானன்னு யோசிக்கிறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. விவசாயின்னா ஒரு மரியாதை இருக்குக்கா. கேக்குறவங்களுக்கு மனசு இளகும். முக்கியமா, மேக்கொண்டு கேள்வி கேக்க மாட்டாங்க. விவசாயிகிட்ட என்னத்தக் கேக்குறது? ‘ஓ, ஃபார்மர், வெரி குட்’னு மார்க்கைப் போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க.

எக்ஸ்டர்னல் வந்து எறங்குனதும் வடை, காப்பி. மேசையில நான் ஒரு சீட்டு வச்சிருப்பேன், அதுல மூணே மூணு கேள்வி இருக்கும். அந்த மூணையும்தான் அவங்க கேக்கணும், அதே வரிசையில கேக்கணும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம். நாங்க அவங்க காலேஜுக்குப் போனாலும் அப்படித்தான். ஒரு வருஷம் ஒரு சாரு கவனமில்லாம மூணாவது கேள்விய முதல்ல கேட்டுட்டாரு. ‘உன் லட்சியம் என்ன?’ங்கிறாரு, பையன் ‘எங்கம்மா’ங்கிறான். அதுக்கும் ‘வெரி குட்’னாரு. மனுசன்னா அவரு மனுசன். பன்னெண்டரைக்கு வைவா முடியும், ஒரு மணிக்குச் சாப்பாடு. பதிமூணு வருஷமா ஒரு புள்ள ஃபெயில் கிடையாது. சார்ட்டுல எழுதிச் செவுத்துல ஒட்டிவச்சிருக்கோம்.

இதுல வந்து கல்லப் போட்டவதான் அந்த முனீஸ்வரி.

அவ முதல் வருஷத்துலயே அப்படித்தான். காலேஜ்ல சேர்ந்த முதல் வாரம், எந்திரிச்சு ‘மிஸ், ஐ ஹேவ் ஒன் டவுட்’டுன்னு ஆரம்பிச்சா. அதுக்கு மேல நாலு வார்த்தை, நாலும் நாலு பக்கம் ஓடிப்போச்சு. நான் சிரிச்சேன். சும்மா லேசா. சிரிச்சது ஒரு தப்பா? நான் சிரிச்சதும் கிளாஸே சிரிச்சிருச்சு, அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா? ‘உக்காரும்மா, இங்கிலீஷுக்கு வலிக்கப் போகுது’ன்னேன், ஒரு தமாஷுக்கு. அன்னைக்கு உக்காந்தவதான். ஒன்றரை வருஷம் வாயத் தொறக்கல. ஒரு சிரிப்புக்குக்கா! ஒரு சிரிப்புக்குப் போயி ஒரு புள்ள ஒன்றரை வருஷம் வாயப் பூட்டிக்கிட்டு உக்காருமா? எம்புட்டு நெஞ்சழுத்தம் இருக்கணும்.

அப்படி இருந்தவ இந்த ஜனவரியில ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நிக்கிறா. ‘மிஸ், அந்தப் பத்தியில ஒரு வரிய மாத்திக்கிறட்டுமா?’

‘எந்த வரி?’

‘அப்பா வரி மிஸ். எங்கப்பா இல்ல. எறந்துட்டாரு.’

பட்டாசு ஆலையில வெடிச்சதுல போயிட்டாராம். இவ பத்தாவது படிக்கையில. ‘அய்யோ பாவமே’ன்னேன். நான் என்ன கல்லா? சொன்னேன். உடனே நோட்டையும் பேனாவையும் நீட்டுறா. ‘அதை இங்கிலீஷ்ல எப்படி மிஸ் சொல்லணும்? எழுதிக் குடுங்க.’

பக்கத்து மேசையில எங்க துறைத்தலைவர் ஞானசிகாமணி சாரு. கான்வென்ட்டுல படிச்சவரு. தும்முனாக்கூட இங்கிலீஷ்லதான் தும்முவாரு. மீட்டிங்குல அவரு பேசுனா நான் பேச மாட்டேன், ‘எஸ் சார்’ மட்டும்தான். பெரியவரு, ஒரு மரியாதைக்கு. அந்த ஆளு திருத்திக்கிட்டிருந்த பேப்பரை வச்சுட்டு என்னையே பாக்குறாரு. எனக்குத் தெரியாம இல்லக்கா, கேட்டுக்கங்க. எறந்துட்டாருங்கிறத இங்கிலீஷ்ல நாலு விதமாச் சொல்லலாம். ஆனா அதோட நிக்குமா? எப்படி எறந்தாரு, ஆலையில என்ன வேலை, மருந்து கலக்குறவரா, திரி வைக்கிறவரா, வெடிச்சப்ப இவ எங்க இருந்தா? அதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு? புதுசா ஒரு வரி எழுதுனா அது சரியா தப்பான்னு யாருகிட்டப் போயிக் கேக்குறது? அதுவும் அந்த ஆளு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துருக்கையில?

‘மாத்தாத’ன்னேன். ‘ஒரு வரிய உருவுனா மொத்தமும் சரிஞ்சு விழுந்துரும். ரெண்டு நிமிஷம்தானடி. ரெண்டு நிமிஷத்துக்கு உங்கப்பா விவசாயியா இருந்துட்டுப் போகட்டும்.’

‘ஆரோக்கியமாவும் இருக்கணுமா மிஸ்?’

பாத்தீங்களா திமிரை? ‘இருக்கட்டுமே, உனக்கு என்ன கொறஞ்சு போச்சு’ன்னு வெரட்டிவிட்டேன்.

காரியாபட்டி வந்துருச்சா? அந்த மோர் விக்கிறவரைக் கூப்பிடுங்க. வேணாம், விடுங்க. இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க.

மார்ச் மாசம் வைவா. வழக்கமா வர்ற சாருக்கு ஒடம்பு சரியில்லைன்னு புதுசா ஒரு அம்மாவ அனுப்பிவிட்டாங்க. ஹெலன் ரூபவதி மேடம். வெள்ளைச் சேலை, கழுத்துல ஒரு சின்னச் செயின், மூக்குக் கண்ணாடி. வடை வேணாம்னாங்க, அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். உள்ள வந்து உக்காந்ததும் இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாங்க. நான் ‘எஸ் மேடம்’னேன். ‘எத்தனை பேருன்னு கேட்டா எஸ்ஸுங்கிறீங்களே’ன்னு தமிழ்லயே சொல்லிட்டுச் சிரிச்சாங்க. ஃபேன் சத்தம்க்கா. அந்த ரூம் ஃபேன் தடதடன்னு ஓடும், ஒண்ணும் காதுல விழாது. அதுக்கு ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்புதான். ஆனா படிச்ச பொம்பள இன்னொரு படிச்ச பொம்பளையப் பாத்து அப்படிச் சிரிக்கலாமா, புள்ளைக வாசல்ல நிக்கையில? ரெண்டு மாசம் ஆச்சு, குக்கர் விசில் அடிச்சாக்கூட எனக்கு அந்தச் சிரிப்புதான் கேக்குது. அதுக்குப் பெறகு அந்த ரூமுக்குள்ள நான் வாயே தொறக்கலையே.

என் கேள்விச் சீட்டைத் தள்ளி வச்சுட்டாங்க. ‘எதுக்கு இது?’ன்னாங்க. சரி போகட்டும், பத்தி இருக்கு காப்பாத்தும்னு நெனச்சேன். ஒவ்வொண்ணா வந்துச்சுக. நல்லாத்தான் ஒப்பிச்சுச்சுக, மணி மணியா. சிக்கந்தர்னு ஒருத்தன், அவங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கறிக்கடை வச்சிருக்காரு, ஊருக்கே தெரியும். அவனும் ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்.’ பத்துப் பேரு போனாங்க, இருபது பேரு போனாங்க. அந்தம்மா ஒரு தாள்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு போடுறாங்க. மார்க்குன்னு நெனச்சேன். பெறகு பாத்தா விவசாயிய எண்ணிக்கிட்டு இருக்காங்க!

முப்பத்தோராவதா முனீஸ்வரி. உக்காந்தா. ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், ஹி இஸ் ஹேல் அண்ட் ஹெல்த்தி’ன்னா. என் வயித்துல பாலை வார்த்தா. அந்த நேரம் பாத்து அந்தம்மா கோடு போட்ட பேனாவ நிறுத்திட்டு இங்கிலீஷ்ல ஒண்ணு கேட்டாங்க. ‘அப்படியா, இந்த வருஷம் உங்கப்பா என்ன வெள்ளாமை போட்டாரு?’

அம்புட்டுத்தான் கேட்டது.

முனீஸ்வரி என்னையப் பாத்தா. ‘அடுத்த வரிக்குப் போடி’ன்னு நான் சாடை காட்டுறேன். ‘எங்கம்மா’ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. அவ என்னையே பாத்தா, பாத்துட்டுத் திரும்பி அந்தம்மாவப் பாத்தா. ‘நோ மேடம்’னா. ‘மை ஃபாதர் நோ ஃபார்மர் மேடம். மை ஃபாதர்... நோ.’

அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்க. ‘ஸ்லோலி, ஸ்லோலி’ன்னாங்க.

பேசுனா பாருங்க. ரெண்டு நிமிஷம் பேச வேண்டியவ பதினஞ்சு நிமிஷம் பேசுனா. ஒரு வரி உருப்படி கிடையாது. நடுநடுவுல தமிழு. அவங்கப்பா வேலை முடிஞ்சு வரையில தெருமுனையில சைக்கிள் மணிய ரெண்டு தடவை அடிப்பாராம். இப்பவும் அந்தத் தெருவுல யாரு ரெண்டு தடவை மணி அடிச்சாலும் அவங்கம்மா எந்திரிச்சு வாசலுக்கு வந்துருதாம். அதைச் சொல்ல இங்கிலீஷ் வரல. வரலைன்னதும் என்ன செஞ்சாங்கிறீங்க? பரிட்சை மேசையில வெரலால தட்டிக் காட்டுறா. டிங், டிங். அப்பறம் அவங்கம்மா மாதிரி எந்திரிச்சுக் கதவுகிட்டப் போயி நின்னு பாக்குறா. வைவாவுலக்கா! அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைக்குறாங்க. நான் தப்பை எண்ணிக்கிட்டு இருந்தேன். இருபத்தாறு வரைக்கும் எண்ணுனேன். அதுக்கு மேல எண்ண முடியல. அந்தப் பாழாப்போன ஃபேன் சத்தம்.

அதோட விட்டாங்களா? போன புள்ளைக அம்புட்டையும் திரும்பக் கூப்பிட்டு வரிசையா நிப்பாட்டி, ‘உங்கப்பா என்ன வெள்ளாமை போட்டாரு?’ன்னு ஒவ்வொருத்தராக் கேட்டாங்க. மீதி இருந்ததுகளையும் கேட்டாங்க. பேய் அறைஞ்ச மாதிரி நிக்குதுக. நாப்பத்திமூணு விவசாயில நெச விவசாயி ஒரே ஒருத்தரு, கருப்பசாமியோட அப்பா. அவன் மட்டும் ‘மல்லி, மேடம்’னான். அவரும் ஆரோக்கியமா இல்லையாம். சர்க்கரை முத்தி ஒரு காலை எடுத்துட்டாங்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நாலு மாசமா தெனமும் எங்கிட்ட ‘ஹேல் அண்ட் ஹெல்த்தி’ன்னுதான சொல்லிக்கிட்டு இருந்தான்?

முனீஸ்வரிக்கு முதல் மார்க்கு. இருபத்தாறு தப்புக்கு முதல் மார்க்கு! இங்கிலீஷை இப்படித்தான் குட்டிச்சுவரு ஆக்குறாங்க.

வராண்டாவுல புடிச்சேன் அவளை. ‘சந்தோஷமாடி? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே’ன்னேன். அழுவான்னு பாத்தேன். அழல. ‘அந்த மேடம் கேட்டாங்க மிஸ், சொன்னேன். எங்கப்பாவப் பத்தி இந்தக் காலேஜ்ல யாரும் கேட்டதில்ல’ங்கிறா. சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? போயிட்டுத் திரும்பி வந்து கேக்குறா. ‘மிஸ், அந்தப் பத்தி யாரோடது? அது யாரோட அப்பா மிஸ்?’

கொழுப்பு. அடிச்சிருப்பேன். எனக்கு எழுதிப்போட்டது எங்க சாரு, நான் படிக்கையில. அவருக்கு யாரு எழுதிப்போட்டாங்களோ. யாரோட அப்பான்னு நான் எங்க போயித் தேட?

அந்தம்மா ரிப்போர்ட் எழுதிட்டுப் போயிட்டாங்க. பிரின்சிபால் கூப்பிட்டாரு. ‘இந்துராணி மேடம், நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ் பேச ஏன் இவ்வளவு பயப்படுறாங்க? காரணங்களை எழுதிக் குடுங்க’ன்னாரு. எழுதுனேன், நாலு பக்கம். இந்தா, பையிலதான் இருக்கு. பதினோரு காரணம். வீட்டுல யாரும் இங்கிலீஷ் பேசுறதில்ல, அது ஒண்ணு. தமிழ் மீடியம். செல்போன். சினிமா. தன்னம்பிக்கை இல்ல. காலையில சாப்பிடாம வர்றது. ஒருத்தர் பேசுனா மத்ததுக சிரிக்கிறது, அதையும் போட்டிருக்கேன், ஒண்ணையும் மறைக்கல. அவரு பூராம் படிச்சுட்டு, ‘ஆசிரியர்னு ஒரு காரணம் இல்லையாம்மா?’ன்னாரு. ‘நாலு பக்கம் முடிஞ்சு போச்சு சார், எடம் இல்ல’ன்னேன். ‘சரி, இதை ஏன் தமிழ்ல எழுதியிருக்கீங்க?’ன்னாரு. தமிழ்ப்பற்று சார்னேன். ஒரு ஆளு தமிழ்ல எழுதுனது குத்தமாக்கா, தமிழ்நாட்டுல?

வலையங்குளம் தாண்டிருச்சா? மணி என்ன? பத்தா? பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. மதுரையில ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அதுக்குத்தான் போறேன், பின்ன என்ன, கோயிலுக்கா போறேன் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு? இது கிடைக்கலைன்னா ஜூன்ல நான் வீட்டுல உக்காரணும். முப்பத்தொம்பது வயசுல இனிமே யாரு எனக்கு வேலை வச்சுக்கிட்டுக் காத்திருக்கா? மூணு பேரு உக்காந்துருப்பாங்களாம். எடுத்ததும் தன்னப் பத்திச் சொல்லச் சொல்லுவாங்க.

பயமா? எனக்கா? என்னக்கா நீங்க, பதினாலு வருஷ சர்வீஸ்னு சொல்றேன். பஸ்ஸு சேரலன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்ல? இன்னொரு மடக்குத் தண்ணி இருந்தாக் குடுங்க, வெயிலுக்குத்தான்.

ஒண்ணு செய்வோம். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, ஒருக்கா சொல்லிப் பாக்குறேன், கேளுங்க. அர்த்தம் புரிய வேணாம், சும்மா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருங்க. சிரிக்கக் கூடாது. மை நேம் இஸ் இந்துராணி. ஐ கம் ஃப்ரம் எ ஸ்மால் வில்லேஜ். மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஹி இஸ்...

என்ன?

என்ன கேட்டீங்க? ‘உங்கப்பாவும் விவசாயமா’வா? உங்களை நான் கேள்வி கேக்கச் சொன்னேனா?

இல்ல. தறி. எங்கப்பா விசைத்தறி. பதினாறு தறிக்கு நடுவுல முப்பது வருஷம் நின்னாரு. அந்தச் சத்தத்துல காது சுத்தமாப் போயிருச்சு. எங்க வீட்டுல எல்லாரும் சத்தமாத்தான் பேசுவோம், நீங்ககூட மொதல்ல சண்டைக்காரின்னு நெனச்சிருப்பீங்க. ஆனா சத்தம் போட்டாலும் அவருக்குக் கேக்காது. வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிருவாரு. நான் பேச ஆரம்பிச்சா செய்யுற வேலைய அப்படியே விட்டுட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் என்ன சொன்னாலும் அவருக்குப் புரியும். என்னைய அந்த மாதிரி பாத்துக் கேட்டவங்க அப்பறம் யாரும் கிடையாது. போயிச் சேந்து ஒம்பது வருஷம் ஆச்சு.

ஒம்பது வருஷமா ‘ஆரோக்கியமா இருக்காரு’ன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆமா. அதுக்கு முன்னாடியும்தான்.

இருங்க, திரும்ப ஆரம்பிக்கிறேன். மை ஃபாதர் இஸ் எ... மை ஃபாதர்...

உங்களாலதான். நல்லா ஓடிக்கிட்டு இருந்ததுல ஊடால கைய விட்டீங்க. பதினாலு வருஷத்துல ஒரு நா சிக்கினதில்ல இந்த வரி. அவங்களும் கேட்டுட்டா? தறின்னு எப்படிச் சொல்ல, காது போனதை எப்படிச் சொல்ல? வாயப் பாத்துக்கிட்டு இருப்பாருங்கிறத எப்படிச் சொல்றது? ஒரு வரி வர மாட்டேங்குதேக்கா. மண்டேலா நகர் வந்துருச்சு பாருங்க, ரிங் ரோட்டுல ஏறிட்டான். இதுக்கு மேல இருபது நிமிஷம்.

என் போன் எங்க? சும்மா இருங்க, பேசாதீங்க. வகுப்புக் குரூப்புல அவ நம்பர் இருக்கும். இந்தா.

ஏய். முனீஸ்வரியா? இந்துராணி மிஸ் பேசுறேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், அதெல்லாம் விசாரிக்க வேணாம். அன்னைக்கு வைவாவுல அந்தம்மாகிட்டச் சொன்னேல்ல, உங்கப்பா இல்லைன்னு. அதுக்குப் பெறகு என்னடி சொன்ன? முதல்ல எந்த வார்த்தையச் சொன்ன? எப்படி ஆரம்பிச்ச?

எனக்கா? எனக்கு எதுக்குடி? ரிப்போர்ட்டுக்கு. காரணம் எழுதுறோம்ல, அதுக்கு.

பஸ்ல இருக்கேன். சத்தமாப் பேசு. இல்ல, குரல் ஒண்ணும் மாறல, காத்து அடிக்குது.

என்னது?

ஆமாடி. எங்கப்பாவும்தான். ஒம்பது வருஷம்.

யக்கா, உங்க பையில பேனா இருக்கா? குடுங்க. அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிப் புடிங்க, பின்னாடி எடம் இருக்கு. ம், சொல்லுடி. அழாமச் சொல்லு. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லு. நீ சொன்னபடியே வேணும், ஒரு எழுத்து மாத்தாம. மனப்பாடம் பண்ணணும்.